காலால் பிறந்தவளும் என் நாரியும்

இன்று காலை நானே குனிந்து என் சப்பாத்து நாடாவைக் கட்டினேன். இதையெல்லாம் ஒருவன் எழுதி வைப்பானா என்று கேட்பவருக்கு நாரி இன்னும் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். இடுப்புக்குப் பின்னால், முதுகு முடியும் இடத்தைத்தான் எங்கள் பக்கத்தில் நாரி என்போம். அது ஒழுங்காக இருக்கும்வரை அப்படியொன்று இருப்பதே நமக்குத் தெரியாது.

இதை எழுதச் சொன்னவள் என் மனைவி பூமணி. "எழுதுறதெண்டால் ஒண்டையும் விடாமல் எழுதுங்கோ" என்றாள். அந்த "ஒண்டையும்" எது என்று எனக்கும் அவளுக்கும் தெரியும். உங்களுக்கும் போகப்போகத் தெரிந்துவிடும்.

பண்டத்தரிப்புக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ட்ரில் மாஸ்டர். நாற்பத்திரண்டு வயதிலும் தலைகீழாக நின்று, கைகளால் அரை மைதானம் நடப்பேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அதில் எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. என் நோயில் முக்கால்வாசி அந்தத் தலைக்கனம்தான்.

விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது எனக்கு நாரிப்பிடிப்பு வந்தது. பிள்ளைகளுக்கு உயரம் பாய்ந்து காட்டிவிட்டு இறங்கினேன், நிமிர முடியவில்லை. வீட்டுக்கு வந்து பூமணியிடம் காலால் மிதித்து உழக்கிவிடச் சொன்னேன்.

பூமணி காலால் பிறந்தவள். தலைக்கு முன் கால் வெளியே வந்து பிறந்தவர்கள் உழக்கினால் நாரிப்பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. உடுவிலில் அவள் பிறந்த வீட்டிலும், கலியாணம் முடித்து வந்த பிறகு எங்கள் வீட்டிலும், விடியற்காலையில் யாராவது ஒருவர் நாரியைப் பிடித்தபடி வாசல் படலையடியில் நிற்பார். அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லி, வலது காலால் மூன்று தரம் மெல்ல உழக்குவாள். இப்படி மூன்று நாள். அந்த மூன்று நாளும் பாரம் தூக்கக் கூடாது. உழக்கி முடிந்ததும் குனிந்து, தான் மிதித்த இடத்தைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். இன்னொருவர் உடம்பில் கால் பட்டதற்கு அது மன்னிப்பு. இதற்கு அவள் ஒரு சதமும் வாங்கியதில்லை. ஆனால் ஊரில் அவளுக்கு இதனால் ஒரு மரியாதை இருந்தது. அது ட்ரில் மாஸ்டருக்கு இருந்ததைவிடக் கூட.

எனக்கு உழக்க அவள் முதலில் சம்மதிக்கவில்லை.

"புருசன்ரை முதுகிலை கால் வைக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?"

"ஊர்ச் சனம் முழுப்பேரின்ரை முதுகிலையும் வைக்கிறீர். நான் என்ன குறைஞ்சவனோ?" என்று விடாப்பிடியாக நின்றேன்.

உழக்கினாள். தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். மத்தியானமே நோ பாதியாகக் குறைந்துவிட்டது. இரண்டாம் நாள் காலையும் உழக்கினாள். "மூண்டு நாளைக்குப் பாரம் தூக்கப்படாது, விளங்குதோ?" என்று இரண்டு தரம் சொன்னாள். நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறி, பள்ளிக்கூடம் தொடங்க ஒரு மணித்தியாலம் முன்பாகவே மைதானத்துக்குப் போனேன்.

ஓட்டப் பாதையைச் சமப்படுத்தும் இரும்பு றோலர் வேலியோரம் மண்ணில் புதைந்து கிடந்தது. எட்டுப் பெடியங்கள் சேர்ந்து இழுக்கிற றோலர். எனக்குத்தான் நாரி சுகமாகிவிட்டதே. கைபிடியைப் பிடித்துக் குனிந்து, மூச்சைப் பிடித்து ஒரே இழுவை இழுத்தேன். பார்க்க அங்கே ஒரு மனிதனும் இல்லை. வேலியில் ஒரு காகம் இருந்தது. காகத்துக்கு வீரம் காட்டப் போய் நாரியை முறித்தவன் இந்தக் குடாநாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உள்ளே எதுவோ பிசகியது. நாரியிலிருந்து வலது கால் பெருவிரல் வரைக்கும் காய்ச்சிய கம்பியை இழுத்ததுபோல் ஒரு நோ. நாலு காலில் தவழ்ந்து போய்ச் சைக்கிளைப் பிடித்தேன். அதை ஊன்றுகோலாக்கி ஒரு மைல் நடந்து வீட்டுக்கு வந்தேன். பூமணி ஓடி வந்தாள்.

"ஐயோ, என்ன நடந்தது?"

"நீர் உழக்கினதுக்குப் பிறகுதான் இப்பிடி வந்தது" என்றேன்.

அது பொய்யில்லை, உழக்கினதுக்குப் பிறகுதானே வந்தது, றோலரை மட்டும்தானே சொல்லாமல் விட்டேன் என்று அன்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அவள் பேச்சைக் கேட்காமல் பாரம் தூக்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நாலு நாளில் சுகம் வந்துவிடும், பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

சுகம் வரவில்லை. பலகையில் மூன்று கிழமை கிடந்தேன். எண்ணெய், ஒத்தடம், நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் அரைத்துப் பூசிய பத்து எல்லாம் நடந்தன. இருமினால் நோ, தும்மினால் உயிர் போகும். ஒருநாள் கக்கூசுக்குப் போய்த் திரும்பும்போது மகள் செல்வி பின்னாலிருந்து கூப்பிட்டாள். அவளுக்குப் பத்து வயது.

"அப்பா, செருப்பு அங்கை கிடக்கு."

வலது காலில் போட்டிருந்த செருப்பு வழியில் கழன்று விழுந்திருந்தது. அது விழுந்ததும் எனக்குத் தெரியவில்லை, வெறுங்காலோடு நடந்ததும் தெரியவில்லை. தலையை மட்டும் கவிழ்த்துக் காலைப் பார்த்தேன். பெருவிரலை மேலே எழும்பச் சொன்னேன். அது கேட்கவில்லை. அன்றுதான் நான் முதன்முதலாகப் பயந்தேன்.

பூமணியின் தமையன் வாடகைக் கார் பிடித்து வந்தார். நோவில் என்னால் சீற்றில் குந்தி இருக்க முடியாது. பின் சீற்றின் கீழே முழங்காலில் நின்று, முன் சீற்றைக் கட்டிப்பிடித்தபடி யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கேயும் வாங்கில் எல்லாரும் இருக்க, நான் தூணைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் நின்றேன். வருகிறவர்கள் என்னைப் பணியாள் என்று நினைத்து வழி கேட்டார்கள்.

டொக்டர் என்னைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் வலது காலை உயர்த்தினார். ஒரு சாண் உயர முன் கத்திவிட்டேன். ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார். பாதத்தின் மேற்புறத்தில் குத்தியது தெரியவில்லை. பிறகு பேனாவை எடுத்தார்.

"மாஸ்டர், என்னத்தைத் தூக்கினீங்கள்?"

இதைவிட நேரான கேள்வியை ஒரு மனிதனிடம் கேட்க முடியாது. நான் கூரையைப் பார்த்தேன். என் தலைமாட்டில் நின்ற பூமணி சொன்னாள்:

"அவர் ஒண்டும் தூக்கேல்லை டொக்டர். நான்தான் உழக்கினனான். நான் காலாலை பிறந்தனான்."

டொக்டர் அவளை ஒருமுறை, அவளுடைய காலை ஒருமுறை பார்த்தார். மனைவி முதுகில் மிதித்தபின் வந்த நோ என்று நோயாளி மட்டையில் ஆங்கிலத்தில் எழுதி, என்னை வார்ட்டில் சேர்த்தார். அந்த மட்டை என் கட்டிலின் தலைமாட்டில் தொங்கியது. நான் அங்கே கிடந்த நாளெல்லாம் அது என் தலைக்கு மேலேயே இருந்தது.

மெத்தைக்குக் கீழே பலகை போட்டு, இரண்டு கால்களிலும் பிளாஸ்டர் ஒட்டி, கயிறு கட்டி, அதைக் கப்பியில் ஓடவிட்டு இரும்புக் கட்டிகளைத் தொங்கவிட்டார்கள். எலும்புகளுக்கு இடையில் கொஞ்சம் இடம் கிடைத்தால் வெளியே தள்ளிய சவ்வு உள்ளே போய்விடும் என்பது எண்ணம். இப்படி மூன்று கிழமை. திரும்பிப் படுக்கக் கூடாது. தலையணை இல்லை. சாப்பாடு, தண்ணீர், மலசலம் எல்லாம் மல்லாந்தபடியேதான். இருபது வருடமாக நான் விசில் ஊத நூறு பிள்ளைகள் எழும்பி இருந்தார்கள். இப்போது முதுகைச் சொறிவதற்குத் தாதி மிஸியைக் கூப்பிட வேண்டும். மிஸி நாலு கட்டில் தாண்டி வர முன் சொறி தானாக மாறிவிடும். கட்டிவைத்த மாட்டுக்கும் கயிறு நீளத்துக்கு நடக்கலாம். எனக்கு அதுவும் இல்லை. சில நேரம் கயிற்றை அறுத்தெறிய வேண்டும்போல் வரும். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடப்பேன்.

பின்னேரங்களில் பூமணி அடுக்குக் கரியரில் சாப்பாடு கொண்டு வருவாள். இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து, சின்னச் சின்ன வாயாகத் தருவாள். படுத்தபடி விழுங்கினால் புரைக்கேறும் என்பதால் ஒவ்வொரு வாய்க்கும் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பப்பாசி இலைக் காம்புக் குழலை வெட்டிக் கழுவிக் கொண்டு வந்து அதால் மோர் குடிக்கத் தருவாள். நான் ஒவ்வொரு வாயையும் களவெடுத்துத் தின்பவனைப்போல் விழுங்கினேன்.

ஒருநாள் காலை பெரிய டொக்டர் படிக்கிற பிள்ளைகள் ஐந்தாறு பேரோடு வந்தார். முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் தட்டை அவர் விளக்கியது எனக்கு நன்றாகப் பிடித்தது.

"மோதகம் தெரியும்தானே? வெளியிலை தோல், உள்ளுக்கை பயறு. ஒரு பக்கம் அமத்தினால் மற்றப் பக்கத்தாலை பயறு பிதுங்கும். பிதுங்கின இடத்திலை காலுக்குப் போற நரம்பு. அதுதான் மாஸ்டருக்குக் கால் விறைக்குது."

ஒரு பெடியன் மட்டையை எடுத்து வாசித்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்தான். அடுத்தவனுக்குக் காட்டினான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை.

"உழக்கிறது கூடாத வேலைதான். இனி ஒருத்தரையும் உழக்க விடாதையுங்கோ. ஆனா உழக்கி மட்டும் இவ்வளவு பிதுங்கிறது அபூர்வம். வேறை ஒண்டும் செய்யேல்லையோ மாஸ்டர்?"

"இல்லை" என்றேன். இரண்டாம் தரம்.

அன்று பத்து மணிக்குள் வார்ட் முழுவதும் நான் "பெண்சாதி உழக்கின மாஸ்டர்" ஆகிவிட்டேன். பின்னேரம் பூமணி வந்தபோது முப்பது கட்டிலும் அவளுடைய காலைப் பார்த்தன. அவளுக்கு விளங்கிவிட்டது. ஸ்டூலில் இருந்தபடி கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அப்படித்தான் இருப்பாள்.

பக்கத்துக் கட்டிலில் சின்னராசா என்று ஒருவர், வடகரைக் கடலோடி. வள்ளம் இறக்கும்போது சறுக்கித் தொடை முறிந்திருந்தது. அவரும் என்னைப்போலக் கயிற்றில்தான். மத்தியானத்தில் இருவரும் கூரையைப் பார்த்துக் கதைப்போம்.

"மாஸ்டர், குறை நினைக்காதையுங்கோ. உழக்கி நாரி போறதெண்டால் எங்கடை ஊரிலை பாதிப்பேர் இஞ்சைதான் கிடக்கோணும். உண்மையாய் என்னத்தைத் தூக்கினீங்கள்?"

முகம் தெரியாததால் சொல்வது இலகுவாக இருந்தது. றோலர், காகம் எல்லாம் சொன்னேன். காகத்தைச் சொன்னதும் அவர் கயிறு ஆடும்படி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தப் பிள்ளை பாவம் மாஸ்டர். இண்டைக்கு வரேக்கை சொல்லுங்கோ."

"ஒப்பரேசன் முடியட்டும்."

"ஓமோம். பிறகு தையல் வெட்டட்டும் எண்டுவியள்."

கயிற்று வைத்தியம் பலிக்காமல், ஒப்பரேசன் என்று தீர்மானமாகியிருந்தது. அதற்கு முன் ஒரு சோதனை. முள்ளந்தண்டுக்குள் ஊசி ஏற்றி மருந்து விட்டு, என்னை மேசையோடு கட்டி, மேசையை முன்னும் பின்னும் சரித்து எக்ஸ்ரே பிடித்தார்கள். மருந்து ஓடும் வழியில் எங்கே தடைப்படுகிறதோ அங்கேதான் பிதுங்கல். தலை கீழே சரியும்போது, கைகளால் மைதானம் நடந்தவன் இவன்தானா என்று எனக்கே அழுகை வந்தது. அழுதேன்.

ஒப்பரேசனுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. பூமணி பிந்தித்தான் வந்தாள். நெற்றியில் தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது. கூட வந்த செல்வி என் காதுக்குள் சொன்னாள்.

"அம்மா கோயிலைச் சுத்தி அடி அழிச்சவ. மூண்டு தரம். முழங்கால் ரெண்டும் ரத்தம்."

அடி அழிப்பது எங்கள் பெண்கள் வைக்கும் நேர்த்தி. வீதி மண்ணில் நாலடி நடப்பதும் விழுந்து நெற்றியால் நிலத்தைத் தொடுவதும், திரும்ப எழும்பி நடப்பதுமாகக் கோயிலைச் சுற்றி வர வேண்டும். அந்த வெயிலில் அந்த மண்ணில் கால் வைக்கவே முடியாது. செய்யாத குற்றத்துக்கு அவள் அதைச் செய்துவிட்டு வந்து எனக்கு மோர் பருக்கினாள்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "முழங்காலுக்கு மருந்து போட்டனீரோ?" என்று கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் சின்னராசா சத்தமாகத் தொண்டையைச் செருமினார்.

ஒப்பரேசன் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. கையில் ஊசி ஏற்றினார்கள், எண்ணச் சொன்னார்கள், ஏழு வரைக்கும் ஞாபகம். கண் விழித்தபோது வாயெல்லாம் வறண்டு, நாரியில் நெருப்பு. டொக்டர் காலடியில் நின்றார். "பெருவிரலை ஆட்டுங்கோ." ஆட்டினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பூமணிதான் வாசலில் நின்று கத்தினாள். "ஆடுது! ஆடுது!" ஒரு நெல்லளவு ஆடியதாம்.

தையல் வெட்டியபின் உடற்பயிற்சி மிஸி வந்து என்னை நிமிர்த்தி நிறுத்தினார். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையில் ஆறடி. அதை நடக்க ஒரு பகல் போனது. என்னைவிட இருபது வயது இளைய பிள்ளை, "நல்லாய் நடக்கிறியள் மாஸ்டர்" என்று என்னைப் புகழ்ந்தார். நானும் சிறு பிள்ளைகளை இப்படித்தான் புகழ்ந்திருக்கிறேன். வீட்டுக்குப் போகும்போது சின்னராசா என் கையைப் பிடித்து, "தையலும் வெட்டியாச்சு மாஸ்டர்" என்றார்.

வீட்டுக்கு வந்தால் விடுதலை என்று நினைத்தேன். கட்டில்தான் மாறியது. இரும்புக் கம்பி வைத்துத் தைத்த பட்டியை நெஞ்சிலிருந்து இடுப்புவரை கட்டியிருக்க வேண்டும். குனியக் கூடாது, வாளி தூக்கக் கூடாது. கிணற்றடியில் கல்லில் இருப்பேன், பூமணி அள்ளி வார்ப்பாள். வேலிக்கு மேலால் ஊர் பார்த்துப் போகும். ஆறு மாதத்துக்குள் கால் சரிவராவிட்டால் மைதானத்தை விட்டுப் பள்ளிக்கூடக் கந்தோரில் வரவு இடாப்பு எழுத வேண்டியிருக்கும் என்று அதிபர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மிஸி தந்த பயிற்சியில் முக்கியமானது ஒன்று. பாயில் குப்புறப் படுத்து, கைகளைப் பின்னால் வைத்து, நெஞ்சை நிலத்திலிருந்து உயர்த்த வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தரம். நாரித் தசை அதில்தான் பலப்படும். ஆனால் ஒருவர் கால்களை நிலத்தோடு அமத்திப் பிடிக்க வேண்டும். முதலில் செல்வி என் காலில் ஏறி இருந்தாள். நான் எழும்ப அவளும் சேர்ந்து எழும்பினாள், சிரித்துக்கொண்டு. பூமணியைக் கேட்டேன். பின்வாங்கினாள்.

"என்னாலை ஏலாது. என்னட்டை உங்கடை உடம்பைத் தராதையுங்கோ."

கெஞ்சிய பிறகு வந்து, கைகளால் மட்டும் கணுக்காலைப் பிடித்தாள். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். என் பாயைக் கடக்க வேண்டியிருந்தால்கூடச் சுவரோரமாகச் சுற்றித்தான் போவாள்.

ஆஸ்பத்திரிக் கதை ஊர்வரைக்கும் வந்திருந்தது; இப்போது படலையடியில் நாரியைப் பிடித்தபடி யாரும் நிற்பதில்லை. ஒரேயொரு காலை, அயல்வீட்டுப் பாக்கியமக்கா வந்தார். நான் பாயில் குப்புறக் கிடந்தேன். கதவு திறந்திருந்தது.

"பூமணி, நிமிர ஏலாமல் கிடக்கு. ஒருக்கால் உழக்கிவிடு பிள்ளை. ஊர்க்கதையை நான் நம்பேல்லை."

"வேண்டாமக்கா. ஊர்க்கதை உண்மைதான். என்ரை கால் கூடாத கால். ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

அவரை அனுப்பிவிட்டுப் பூமணி உள்ளே வந்தாள். மூக்கை உறிஞ்சினாள். முழங்காலில் இருந்து என் கணுக்கால்களைப் பிடித்தாள்.

"ம், எழும்புங்கோ."

ஒருமுறை எழும்பினேன். இரண்டாம் முறை எழும்பவில்லை. முகத்தைத் தலையணைக்குள் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"பூமணி, நான் றோலரை இழுத்தனான்."

"என்ன?"

"ரெண்டாம் நாள். நீர் உழக்கின பிறகு. மைதானத்திலை, தனிய. அப்பதான் நாரி போனது."

கைகள் என் காலில் அப்படியே இருந்தன.

"மூண்டு நாளைக்குப் பாரம் தூக்கப்படாதெண்டு சொன்னனான்."

"ஓம்."

"டொக்டர் கேட்டவர். நான் சொன்னதை நீங்கள் கேட்டுக்கொண்டு கிடந்தனீங்கள்."

"ஓம்."

"நான் அடி அழிச்சனான்."

"தெரியும்."

கைகள் விட்டன. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் ஒப்பரேசன் செய்தவன் நினைத்தபடி திரும்ப முடியாது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக மரக்குற்றியைப்போல் உருள வேண்டும். நான் உருண்டு முடிய, அறையில் ஒருவரும் இல்லை.

அன்று முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. கிணற்றடியில் தண்ணீர் நேரத்துக்கு வார்த்தாள், மூச்சு விட இடமில்லாமல் வாளிமேல் வாளியாக. கோபித்தால் கத்துவாள், நானும் கத்தலாம் என்று பார்த்தேன். அவள் கத்தவில்லை. எனக்கு ஆஸ்பத்திரிக் கயிறே பரவாயில்லை என்று பட்டது.

அடுத்த நாள் காலை பாயை விரித்துக் குப்புறப் படுத்தேன். வருவாளோ தெரியாது. காலடிச் சத்தம் கேட்டது. கைகளை எதிர்பார்த்தேன். என் இரண்டு குதிக்கால்களிலும் அவள் இரண்டு பாதங்களும் வந்து ஏறின. முழுப் பாரத்தோடும் நின்றாள்.

"ம், எழும்புங்கோ."

எழும்பினேன். ஒன்று, இரண்டு என்று அவளே எண்ணினாள். ஆறுதலாக எண்ணினாள். கால்கள் அசையவில்லை. அதுவரை நான் எழும்பாத உயரத்துக்கு அன்று எழும்பினேன். பத்து முடிந்ததும் நின்றபடியே சொன்னாள்.

"வாற கிளினிக்கிலை அந்த மட்டையை எடுப்பிச்சு, வெட்டி எழுதச் சொல்லுங்கோ. டொக்டரிட்டை நீங்களே சொல்லோணும்."

"ஓம்."

"சிரிச்ச பிள்ளையளுக்கும் வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ."

"ஓம்."

"பாக்கியமக்கா வீட்டை இண்டைக்கே நடந்து போய்ச் சொல்லுங்கோ. அதுவும் பயிற்சிதான்."

"ஓம்."

இறங்கினாள். மிதித்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவாள் என்று குப்புறக் கிடந்தபடியே காத்திருந்தேன். அவள் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டாள்.